ஊர் வரலாறு தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: நூலகத்தில் எப்படி, இணையத்தில் எப்படி?

எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரே தேடல்தான். தங்கள் ஊர் எப்போது தோன்றியது, ஏரியை வெட்டியது யார், கோயில் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பேராசிரியர்களோ ஆய்வு மாணவர்களோ அல்ல. அஞ்சலகத்திலும் ரேஷன் கடையிலும் பள்ளியிலும் வேலை பார்க்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி முடித்த பிள்ளைகள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

"நான் பத்தாவதுதான் படிச்சேன். ஆராய்ச்சியெல்லாம் நான் பண்ணலாமா?"

பண்ணலாம். பொது நூலகத்துக்குள் நுழைய யாரும் பட்டச் சான்றிதழ் கேட்பதில்லை. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948ல் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரியில்தான் நம் ஊர்க் கிளை நூலகம் நடக்கிறது. அங்கே உட்கார்ந்து படிப்பதும், நூலகரிடம் கேட்பதும், இல்லாத புத்தகத்தைப் பரிந்துரைப்பதும் உங்கள் உரிமை.

கல்லூரிக்காரருக்கு இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு உண்டு. எந்த வயலுக்கு என்ன பெயர், எந்தத் தெருவில் யார் முதலில் குடியேறினார்கள், ஏரி நிறைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆவணத்தில் ஒரு பெயரைப் பார்த்ததும் "இது நம்ம வடக்கு மடை" என்று உங்களால் சொல்ல முடியும். வெளியாள் அதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

"எங்க ஊரைப் பத்தி எல்லாம் தெரியணும். எங்கே ஆரம்பிக்கிறது?"

"எல்லாம்" என்பதை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு கேள்வியைப் பிடியுங்கள். "எங்கள் ஏரியை வெட்டியது யார், எப்போது?" என்பது நல்ல கேள்வி. பதில் கிடைக்காவிட்டாலும், எங்கெல்லாம் தேடினோம் என்று சொல்லக்கூடிய கேள்வி.

அடுத்து, நூலகத்துக்குப் போகும் முன்பே ஊர்ப் பெயரை எல்லா வடிவத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைய பெயர், வருவாய்க் கிராமப் பெயர், கோயில் அழைப்பிதழில் வரும் பெயர், ஆங்கிலேயர் காலத்து எழுத்து. வருவாய்க் கிராமமும் ஊராட்சியும் பல இடங்களில் வேறுவேறு. அ-பதிவேட்டில் (சர்வே எண் வாரியாக நிலங்களைப் பட்டியலிடும் வருவாய்ப் பதிவேடு) ஊர் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதை அரசின் நில ஆவணத் தளத்திலேயே பார்க்கலாம். ஏரியின் சர்வே எண் தெரிந்தால் அதன் பதிவும் அங்கே கிடைக்கும். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

"கூகுள்ல போட்டா வராததா நூலகத்துல இருக்கப் போகுது?"

நிறைய இருக்கிறது. பள்ளி நூற்றாண்டு மலர், கும்பாபிஷேக மலர், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, ஊர்க்காரர் ஒருவர் தன் செலவில் அச்சிட்ட சிறு நூல் இவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் ஏறவில்லை. ஊர் வரலாற்றுக்கு இவைதான் உயிர்நாடி. கும்பாபிஷேக மலரில் திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் பர்மாவிலோ மலேயாவிலோ இருந்தது என்பது அந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும்.

இணையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இணையத்தில் பார்த்துவிட்டுப் போனால் நூலகத்தில் பாதி நேரம் மிச்சம்.

"நூலகரிடம் என்னன்னு கேக்கணும்? போனா 'தேடிப் பாருங்க'ன்னு சொல்லிடறாங்க."

"வரலாற்றுப் புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்டால் அலமாரியைத்தான் கைகாட்டுவார்கள். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: "எங்கள் ஊர் ஏரி பற்றித் தேடுகிறேன். 1961 வரையிலான மாவட்ட விவரம் வேண்டும். மாவட்ட கெசட்டியரோ 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடோ குறிப்புதவிப் பிரிவில் இருக்கிறதா?" (கெசட்டியர் என்பது ஒரு மாவட்டத்தைப் பற்றி அரசு வெளியிட்ட விவர நூல்.) ஊர், பொருள், காலம், என்ன வகை நூல் என்று நான்கையும் சொன்னால் நூலகருக்கு வேலை எளிது. கூட்டமில்லாத காலை வேளையில் போங்கள். தேடியதில் எது உதவியது என்று அடுத்த முறை வந்து சொல்லுங்கள். அதற்குப் பிறகு உங்களுக்காக அவரே ஒன்றிரண்டு புத்தகம் எடுத்து வைப்பார்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். முதல் விதி: நூல்கள் பயன்படுத்துவதற்கே. வாசகரின் நேரத்தைச் சேமி என்பதும் அந்த ஐந்தில் ஒன்று. நல்ல நூலகர்கள் இவற்றை மனத்தில் வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

"புத்தக முதுகுல ஒட்டியிருக்கிற நம்பர் எதுக்கு?"

பொருள் வாரியாக அடுக்குவதற்கு. டூயி தசம முறையைப் பின்பற்றும் நூலகங்களில் 954.82 என்பது தமிழக வரலாறு, 894.811 என்பது தமிழ் இலக்கியம். ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு இரு பக்கமும் இருக்கும் புத்தகங்களையும் புரட்டிப் பாருங்கள். நீங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத புத்தகம் அங்கேதான் அகப்படும்.

"எங்க கிளை நூலகத்துல போட்டித் தேர்வுப் புத்தகமும் நாவலும்தான் இருக்கு. அடுத்து எங்கே போக?"

மாவட்ட மைய நூலகம் அடுத்த படி. அதற்கும் மேலே என்றால் சென்னை எழும்பூரில் கன்னிமாரா. 1896ல் திறந்தது. நாட்டில் அச்சாகும் நூல்களை 1954ல் வந்த சட்டப்படி பெற உரிமையுள்ள நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. எனவே 1954க்குப் பிறகு தமிழில் வந்த நூல் ஒன்று வேறெங்கும் கிடைக்காவிட்டால் முதலில் இங்கே கேளுங்கள். எல்லாப் பதிப்பகமும் ஒழுங்காக அனுப்பியதில்லை என்பதால் சில இல்லாமலும் போகும்.

தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வேறு மாதிரியானது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஒருவராகச் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள்தான் அதன் அடித்தளம். அவர் 1992ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994ல் அது நூலகமாக உருவெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களும் பழைய இதழ்களும் தேடுவோருக்கு அதைப்போல இன்னொரு இடம் இல்லை. அலமாரிக்குள் நாமே போய் எடுக்க முடியாது. நூற்பட்டியலில் பார்த்துக் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

ஓலைச்சுவடி தேடுகிறவர்களுக்கு அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூலகம், தஞ்சாவூர் சரஸ்வதி மகால். ஆங்கிலேயர் கால நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி ஊர் ஊராக ஆளனுப்பித் தொகுத்த கைபீதுகளில் (ஊர், பாளைய வரலாற்றுக் குறிப்புகள்) ஒரு பெரும் பகுதி கீழ்த்திசை நூலகத்தில் இருக்கிறது. பாளையக்காரர் ஊர் என்றால் கட்டாயம் பாருங்கள். மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்த பிறகு எல்லாவற்றுக்கும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

"வேலைக்குப் போறேன், சென்னைக்கெல்லாம் வர முடியாது. போன்லயே படிக்க முடியுமா?"

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தொடங்குங்கள். பழைய நூல்கள், இதழ்கள், சுவடிகள் எல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், இலவசமாக. அடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவ். இந்திய மின்னூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்த தமிழ் நூல்கள் ஏராளமாக அங்கே ஏறியிருக்கின்றன; மாவட்ட மேனுவல்களும் (கெசட்டியர் போன்ற பழைய விவர நூல்கள்) கெசட்டியர்களும் பெரும்பாலும் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், இலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்து தருகிறது. எழுத்தாக இருப்பதால் ஒரு சொல்லைத் தேடினால் உடனே அகப்படும்.

சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முழுவதும் இருக்கிறது. "கலிங்கு", "மானியம்" என்று பழைய ஆவணத்தில் வரும் சொற்களுக்கு அதுதான் கைவிளக்கு.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கிராமங்களில் வீடு வீடாகத் தேடிப் படமெடுத்த ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களும் நிலப் பத்திரங்களும் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் ஊர் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து ஊரின் தீர்ப்பு ஓலை ஒன்றைப் படித்தால், உங்கள் பரணில் என்ன மாதிரிக் காகிதம் கிடக்கக்கூடும் என்று தெரியும்.

"ஊர்ப் பேரைப் போட்டுத் தேடினேன். ஒண்ணுமே வரல. அப்ப எதுவும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

அப்படி முடிவு கட்டாதீர்கள். ஸ்கேன் செய்த புத்தகத்தில் எழுத்தை இயந்திரம்தான் படித்திருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, ணை, றா, னா போன்றவற்றின் வடிவமே வேறு. இயந்திரம் அங்கெல்லாம் தடுமாறும். புத்தகத்தில் உங்கள் ஊர் இருந்தும் தேடலில் வராது. ஆகவே ஊர்ப் பெயரின் ஒரு துண்டை மட்டும் போட்டுத் தேடுங்கள். அல்லது அந்தத் தாலுகா பற்றிய பக்கங்களைக் கண்ணாலேயே புரட்டுங்கள். பழைய நூல்களில் பின்னால் பெயர் அகராதி இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஆங்கில நூலில் தேடும்போது திருநெல்வேலி "டின்னவெல்லி" ஆகவும், தஞ்சாவூர் "டாஞ்சூர்" ஆகவும், திருச்சிராப்பள்ளி "டிரிச்சினோப்பொலி" ஆகவும், நாகப்பட்டினம் "நெகபட்டம்" ஆகவும் இருக்கும். சிற்றூர்ப் பெயர்கள் இன்னும் சிதைந்திருக்கும். இரண்டாவது கேள்வியில் சொன்ன பெயர்த்தாள் இங்கேதான் கைகொடுக்கிறது.

எல்லை மாற்றத்தையும் பாருங்கள். இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910ல். ஆகவே 1906ல் வந்த மதுரை கெசட்டியரில்தான் இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களைத் தேட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம். நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் மேனுவலும் திருவனந்தபுரம் ஆவணங்களும்தான் குமரி மாவட்டத்தாருக்கு வழி. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்ததால் அதற்குத் தனி மேனுவலும் தனிக் கல்வெட்டுத் தொகுதியும் உண்டு. சென்னை மாகாண வரிசையில் புதுக்கோட்டையைத் தேடிவிட்டு "ஒன்றுமில்லை" என்று திரும்பியவர்கள் பலர்.

"கெசட்டியர்ல இருக்குன்னா அது உண்மைதானே? அரசாங்கம் போட்டதாச்சே."

மழையளவு, வாய்க்கால் நீளம், வரித்தொகை போன்ற விவரங்களுக்கு கெசட்டியர் நல்ல ஆதாரம். தஞ்சாவூருக்கு ஹெமிங்வே 1906ல் எழுதியதும் திருநெல்வேலிக்குப் பேட் 1917ல் எழுதியதும் உழைத்து எழுதியவை. சாதிகளின் குணம், வழக்கம், "இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்" என்ற பகுதிகளைப் படிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். எழுதிய அதிகாரிக்குச் செய்தி சொன்னது யார்? பெரும்பாலும் தாலுகா கச்சேரி உத்தியோகஸ்தரும் மிராசுதாரும். சேரியிலிருந்து யாரையும் கூப்பிட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த வரிகளை அப்படியே எடுத்து ஊர் வரலாறு என்று அச்சடிப்பது, நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தரப்பின் பேச்சை இன்றைக்கு நாம் வழிமொழிவதாகிவிடும். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

"ஏரிக்குன்னு தனியா ஏதாவது ஆவணம் இருக்குமா?"

இருக்கும். 1880களில் சென்னை மாகாணத்தில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கி, ஏரி ஏரியாக அளந்து "மெமோயர்" என்ற குறிப்பேடு எழுதினார்கள். ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) எவ்வளவு, மதகு எத்தனை, கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) எங்கே, தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, நிறைந்தால் எந்த ஏரிக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் வரும். இவை இணையத்தில் பெரும்பாலும் கிடையாது. நீர்வளத் துறையின் கோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பாருங்கள்.

இனாம் நிலம் உள்ள ஊர் என்றால் இனாம் ஃபேர் ரிஜிஸ்டரையும் பார்க்க வேண்டும். 1858ல் அமைந்த இனாம் கமிஷன், மானிய நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதியது. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, அப்போது அனுபவித்து வந்தது யார் என்ற விவரம் அந்தப் பத்திகளில் இருக்கும். ஏரி மராமத்துக்கு விட்ட தசபந்த மானியமும் அதில் வருவதுண்டு.

"கல்வெட்டு எனக்குப் படிக்கத் தெரியாதே. அதுக்கு யாரைப் பிடிக்கிறது?"

உங்கள் கோயில் கல்வெட்டை யாராவது ஏற்கெனவே படி எடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 1887 முதல் வந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர் வாரியாகச் சுருக்கம் இருக்கும். முழு வாசகம் வேண்டுமென்றால் 1890ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்டத் தொகுதிகள். ஆண்டறிக்கையில் சுருக்கம் வந்தும் வாசகம் அச்சாகாத கல்வெட்டுகள் ஏராளம்.

வாசகம் கிடைத்ததும் முதல் வரியைப் பாருங்கள். "ஸ்வஸ்திஸ்ரீ மதிரை கொண்ட கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு 14" என்று இருந்தால், மதுரையை வென்ற பரகேசரி முதலாம் பராந்தகன். அவன் ஆட்சி 907ல் தொடங்கியது. பதினான்காம் ஆட்சியாண்டு என்றால் 920-921. வெறும் "கோப்பரகேசரி" என்று மட்டும் இருந்தால் கவனம்: சோழர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள், எனவே எந்த மன்னன் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. "திருமகள் போல" என்று மெய்க்கீர்த்தி (மன்னன் புகழ் பாடும் தொடக்கப் பகுதி) தொடங்கினால் முதலாம் இராசராசன், "திருமன்னி வளர" என்றால் முதலாம் இராசேந்திரன்.

ஊர்ப் பெயரும் மாறியிருக்கும். மன்னார்குடி கல்வெட்டில் இராசாதிராச சதுர்வேதிமங்கலம். எந்த வளநாடு, எந்த நாடு (சோழர் காலத்து நிலப் பிரிவுகள்) என்று வருவதைக் குறித்துக்கொண்டு, அந்த நாட்டுக்குள் வரும் மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் இடம் உறுதியாகும். சொற்களுக்குச் சாந்தி சாதனா வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி இருக்கிறது. கல்லிலேயே படிக்கப் பழக விரும்பினால், அச்சான வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே கல்லின் முன் நில்லுங்கள். சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள். சாய்வாக டார்ச் அடித்தாலே எழுத்து எழும்பித் தெரியும்.

"தாத்தா வச்சிருந்த ஓலைல 'கொல்லம் 1021 விசுவாவசு வருஷம் தை மாசம்'னு இருக்கு. இது எந்த வருஷம்?"

விசுவாவசு அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும்: 2025, 1965, 1905, 1845 என்று சித்திரையில் தொடங்கும் ஆண்டுகள். அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் 1845. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். இரண்டும் பொருந்துகின்றன. தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதால் 1846 ஜனவரி-பிப்ரவரி. இப்படி இரண்டு கணக்கும் ஒன்றை ஒன்று உறுதி செய்தால்தான் நம்பலாம். பொருந்தாவிட்டால் ஓலையின் எண்ணைத் தவறாகப் படித்திருக்க வாய்ப்பு அதிகம்.

சக ஆண்டு என்றால் 78 கூட்டுங்கள். அடங்கல், சிட்டா போன்ற வருவாய்க் கணக்கில் வரும் பசலிக்கு 590: பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. கிழமை, நட்சத்திரம் எல்லாம் கொடுத்திருந்தால் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளை வைத்து நாளையே கண்டுபிடிக்கலாம்.

"ஆவணக் காப்பகத்துக்குப் போகணும்னா பெரிய சிபாரிசு வேணுமாமே?"

சிபாரிசு வேண்டாம், விண்ணப்பம் வேண்டும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் என்ன பொருளில், எந்தக் காலத்து ஆவணம் பார்க்கப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். கல்லூரி, சங்கம் எதையும் சாராதவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, என்ன அடையாளச் சான்று, கடிதம் தேவை என்று தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் மிச்சம். போன அன்றே கட்டு கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சென்னையில் தங்கும்படி திட்டமிடுங்கள்.

அங்கே பெரும்பாலானவை ஆங்கிலக் கையெழுத்தில் இருக்கும். முதல் நாள் ஒரு வரியும் புரியாது. ஒரே எழுத்தரின் கையெழுத்தைத் தொடர்ந்து பார்த்தால் பழகிவிடும். வருவாய் வாரிய நடவடிக்கைகளில் நேரடியாகக் குதிக்காமல் முதலில் அட்டவணைத் தொகுதியைக் கேளுங்கள். தேதியும் எண்ணும் குறித்துக்கொண்டு அதை மட்டும் வரவழைப்பதே வழி.

"ஆய்வுக் கட்டுரை ஒண்ணு கிடைச்சுது. திறந்தா டாலர்ல பணம் கேக்குது."

கட்ட வேண்டாம். கட்டுரைத் தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் போட்டால், ஆசிரியர் தன் பக்கத்தில் ஏற்றிய இலவசப் பிரதி பல நேரம் கிடைக்கும். ஜேஸ்டோரில் (ஆய்வு இதழ்களின் இணையத் தொகுப்பு) மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது. உங்கள் வட்டாரத்தைப் பற்றி யாராவது பட்டம் வாங்கியிருந்தால் அங்கே இருக்க வாய்ப்புண்டு. முதலில் அதன் நூற்பட்டியல் பக்கத்தைத் திறங்கள். அடுத்து எங்கே தேடுவது என்பதை அதுவே சொல்லும்.

ஆய்வு இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கானது, தனி ஆளாக நமக்குக் கிடைக்காது. அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கல்லூரி நூலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். எதுவும் கிடைக்காதபோது ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தன் கட்டுரையை ஒரு ஊர்க்காரர் படிக்கக் கேட்கிறார் என்றால் பலர் சந்தோஷமாக அனுப்புகிறார்கள்.

"சாட்ஜிபிடிகிட்ட கேட்டேன், புத்தகப் பேரு, பக்க எண்ணோட சொல்லுச்சு. அதையே போட்டுக்கலாமா?"

போடக் கூடாது. இல்லாத நூலை இருப்பதுபோல், பக்க எண்ணோடு சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு. நூற்பட்டியலில் அந்த நூல் இருக்கிறதா, இருந்தால் அந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். ஆங்கில ஆவணத்தின் பொருளைப் புரிந்துகொள்ளவும் தேடு சொற்களை யோசிக்கவும் அது உதவும்.

விக்கிப்பீடியாவுக்கும் இதே விதிதான். கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோளைப் பிடித்து மூல நூலுக்குப் போங்கள். மேற்கோள் இல்லாத வரியை விட்டுவிடுங்கள்.

"குறிப்பு எடுக்கிறேன், ஆனா ஆறு மாசம் கழிச்சு எது எங்கிருந்து எடுத்ததுன்னு தெரியல."

ஒரு தாளில் ஒரு செய்தி மட்டும் எழுதுங்கள். தாளின் தலையிலேயே நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம், எந்த நூலகம், நூலின் எண் எல்லாம் வர வேண்டும். செய்தியை எழுதுவதற்கு முன் இதை எழுதுங்கள், பின் அல்ல. நூலில் உள்ள வாசகத்தை மேற்கோள் குறிக்குள்ளும், உங்கள் கருத்தை வேறு நிற மையிலும் வையுங்கள். போனில் படமெடுத்தால், முதல் படம் எப்போதும் தலைப்புப் பக்கமாக இருக்கட்டும்.

தேடிக் கிடைக்காததையும் தேதியோடு எழுதி வையுங்கள். "தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் பார்த்தேன், எங்கள் ஊர் இல்லை" என்ற ஒரு வரி, அடுத்த வருடம் அதே தொகுதியை மறுபடி புரட்டாமல் காக்கும்.

"பாட்டி சொன்னது ஒண்ணு, ரிக்கார்டுல இருக்கிறது ஒண்ணு. எதை எழுத?"

இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்ற விவரத்தோடு. கெசட்டியர் பற்றிச் சொன்னதை இங்கேயும் நினைவில் கொள்ளுங்கள்: எழுத்தில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஏரியை ஒரு ராணி வெட்டினாள் என்று பாட்டி சொல்கிறார், கல்வெட்டில் ஊர்ச்சபை வெட்டியதாக இருக்கிறது என்றால், எந்தத் தெருவில் அந்த ராணிக் கதை சொல்லப்படுகிறது, எந்தத் தெருவில் சொல்லப்படவில்லை என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பெரியவரை நம்பாமல் எல்லாத் தெருவிலும் கேட்க வேண்டும், குறிப்பாக ஆவணத்தில் பெயரே வராதவர்களிடம். சொல்பவரின் அனுமதியோடு குரலைப் பதிவு செய்யுங்கள். நூலகம் நாளைக்கும் இருக்கும். தொண்ணூறு வயதுப் பாட்டியிடம் இந்த வாரமே போங்கள்.

"நான் வடமராட்சிப் பக்கம். எங்கட ஊரைப் பற்றித் தேட இதுகள் உதவுமோ?"

முறை உதவும், இடங்கள் வேறு. 2005ல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையதளம்தான் உங்களுக்கு முதல் வாசல். ஈழத்து நூல்கள், இதழ்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்று பெருந்தொகுப்பு, எல்லாம் இலவசம். கல்வெட்டு என்று நீங்கள் சொல்லும் இறந்தோர் நினைவு வெளியீடுகளில் குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் சேர்ந்தே கிடைக்கும். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துக் காணித் தோம்புகள் (நிலப் பதிவேடுகள்) கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. ஆகவே உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய பிரசுரம் எதுவாயினும், படமெடுத்துத் தொகுப்பாளர்களிடம் சேர்ப்பதே ஒரு ஆய்வுப் பணிதான்.

"முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல போட்டா தப்பா?"

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1964ல் இறந்தவரின் நூல் 2025 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து, தாராளமாகப் பகிரலாம். நாட்டுடைமையாக்கிய நூல்களையும் அப்படியே. மற்றவற்றில், சொந்த ஆய்வுக்காகச் சில பக்கங்களைப் படியெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. முழு நூலையும் குழுவில் சுற்ற விடுவது அதில் அடங்காது. சிறு பதிப்பகத்தார் ஐந்நூறு பிரதி அச்சிட்டு விற்க முடியாமல் கிடக்கிறார்கள். அச்சில் இருக்கும் நூலை வாங்குங்கள், அல்லது நூலகத்துக்கு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

"உண்மையை எழுதினா ஊர்ல பிரச்சினை வரும்போல இருக்கே. கோயில் முதல் மரியாதை, நில வழக்கெல்லாம் இருக்கு."

வரக்கூடும். வழக்கு நடக்கும் நிலம், உயிரோடு இருப்பவர்களின் குடும்ப விவகாரம் இரண்டையும் தொடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். மற்றபடி ஆவணம் என்ன சொல்கிறதோ அதை, அது எந்த ஆவணம் என்ற விவரத்தோடு எழுதுங்கள். "இன்னார்தான் இந்த ஊரின் ஆதிக்குடி" என்ற தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். 1860ல் யார் பெயரில் மானியம் பதிவானது என்று எழுதலாம். அதற்கு முன் யாரும் இல்லை என்று அந்த ஆவணம் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் உழைப்பும் இருப்பும் ஆவணத்தில் மறைந்திருக்கும் இடத்தில், மறைந்திருக்கிறது என்பதையாவது வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

"எழுதி முடிச்சு சின்னப் புத்தகமா போட்டாச்சு. இனி?"

1954ன் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் வெளியிட்டவர் செலவில் நான்கு பிரதிகள் போக வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், கன்னிமாரா, மும்பை, டெல்லி. நீங்களே வெளியிட்டிருந்தால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். ரோஜா முத்தையா நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். ஊர்க் கிளை நூலகத்துக்கும் பள்ளிக்கும் இரண்டு இரண்டு; ஒன்று தொலைந்தாலும் ஒன்று மிஞ்சும். நீங்கள் எடுத்த குறிப்புத் தாள்களையும் குரல் பதிவுகளையும் ஒரு பெட்டியில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே பட்டியல் ஒட்டி வையுங்கள். புத்தகத்தில் சேராத செய்திதான் அடுத்துத் தேட வருகிறவர் முதலில் கேட்பது.